மழைநீர் செல்லும் வழியும் உடல்நலமும்: குன்றத்தூர் பகுதி நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

ஏரி, குளம், ஆறு, ஓடை, தெருவோர மழைநீர் வடிகால், காலிமனையில் தேங்கிய குட்டை என நிலத்தின் மேல் தேங்கியோ ஓடியோ இருக்கும் நீர் அனைத்தும் மேற்பரப்பு நீர் எனப்படும். இந்நீரை எங்கே தேக்குவது, எங்கே நிலத்துள் இறங்கவிடுவது, எவ்வழியாக வெளியேற்றுவது என்பதைத் திட்டமிடுவது பொறியாளர்களின் பணி. அத்திட்டம் தவறும் இடங்களில் அதன் விளைவு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காணப்படும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல், டெங்கு ஆகியவை நீரின் வழியோடு தொடர்புடைய நோய்கள்.

உங்கள் பகுதியில் நீர் எவ்வாறு வந்து செல்கிறது, அதற்கு யார் பொறுப்பு, நோயாளி உள்ள வீட்டில் எந்நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

## முக்கியக் குறிப்புகள்

• வெள்ள நீர் வடிந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வரை அதன் தொடர்பான நோய்கள் தோன்றலாம்.
• காய்ச்சலுக்காக மருத்துவரிடம் செல்லும்போது, தேங்கிய நீரில் நடந்தீர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே தெரிவியுங்கள்.
• டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர், ஆக்சிஜன் கருவியைப் பயன்படுத்துவோர், பேறுகால நாள் நெருங்கிய கர்ப்பிணிகள், படுக்கையில் உள்ள முதியோர் ஆகியோர் முதல் எச்சரிக்கை வந்தவுடனேயே பாதுகாப்பான இடத்திற்குச் செல்ல வேண்டும். நீர் வாசலுக்கு வரும்வரை காத்திருத்தல் கூடாது.
• மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களை அழைக்கலாம்.

## குன்றத்தூரில் நீர் எவ்வழியே செல்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள குன்றத்தூர், 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இதன் அருகே சென்னை மாநகரின் முதன்மைக் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான செம்பரம்பாக்கம் ஏரி அமைந்துள்ளது. ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் போன்ற ஏரிகள் இதற்கு மேற்புறத்தில் உள்ளன. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் அதன் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்வதே நம் முன்னோர் அமைத்த சங்கிலித் தொடர் ஏரி முறை.

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் நிலையில் மதகுகள் திறக்கப்பட்டு, உபரிநீர் தனிக் கால்வாய் வழியே வெளியேற்றப்படுகிறது. அந்நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு ஆகிய பகுதிகளை ஒட்டிச் சென்று, திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. மழைக்கால எச்சரிக்கை அறிவிப்புகளில் இவ்வூர்களின் பெயர்கள் ஆண்டுதோறும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே குன்றத்தூருக்கு இரண்டு வகை நீர் வருகிறது. முதலாவது, ஊரின் கூரைகள், தெருக்கள், குன்றின் சரிவு ஆகியவற்றில் பெய்து அங்கேயே திரளும் மழைநீர். இரண்டாவது, வேறு ஊர்களில் பெய்து ஏரியில் சேர்ந்து, மதகு திறக்கப்படும்போது வரும் உபரிநீர். முதலாவது சில மணி நேரத்தில் தெருவில் தேங்கிவிடும். இரண்டாவது, உங்கள் தெருவில் மழை நின்ற பின்னரும் வரக்கூடும். வானம் வெளுத்துவிட்டது என்பதை மட்டும் கொண்டு ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுதல் கூடாது.

## தெருவில் நீர் ஏன் தேங்குகிறது?

100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அது ஒரு தண்ணீர் லாரியின் அளவுக்கு நிகரானது. முன்பு வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்த இடத்தில் இந்நீரின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியது. மற்றொரு பகுதி வரப்புகளில் தங்கி மெல்ல நகர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் வளர்ச்சியோடு ஆலைகள், கிடங்குகள், குடியிருப்புகள், தொழிலாளர் விடுதிகள் ஆகியவை பெருகியுள்ளன. கான்கிரீட்டும் தாரும் போர்த்திய நிலத்தில் நீர் இறங்குவதற்கு வழியில்லை. பெய்த மழை ஏறக்குறைய முழுவதும், ஒரே நேரத்தில், தாழ்வான இடத்தை நோக்கி விரைகிறது.

எனவே ஒரு சிறுநகரின் மேற்பரப்பு நீர்த் திட்டம் மூன்று பணிகளை உள்ளடக்கியது.

தேக்குதல்: ஏரி, குளம், கோயில் குளம் ஆகியவற்றைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, வரத்துக் கால்வாய்களைத் திறந்து வைத்தல்.

ஊறவிடுதல்: மழைநீர் சேகரிப்பு அமைப்பு, பூங்கா, திறந்தவெளி ஆகியவற்றின் வழியாக நீரை நிலத்துக்குள் அனுப்புதல். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

வடித்தல்: எஞ்சிய நீரை மழைநீர் வடிகால், சிறுபாலம், உபரிநீர்க் கால்வாய் ஆகியவற்றின் வழியே ஆற்றுக்குக் கொண்டு சேர்த்தல்.

இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டின் மீது சுமை ஏறும். வடிகாலை மட்டும் அகலப்படுத்தினால், நீர் இன்னும் விரைவாக அடுத்த ஊரின் தாழ்வான தெருவைச் சென்றடையும். ஏரியை ஆழப்படுத்தி வரத்துக் கால்வாயைக் குப்பையால் அடைத்து வைத்தால், ஏரி வறண்டு கிடக்கும்போதே தெரு மூழ்கும்.

## இதில் நோய் எங்கே நுழைகிறது?

மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டுமே செல்ல வேண்டும். வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்ல வேண்டும். வளர்ந்துவரும் நகரங்களில் பல வீடுகள் இன்னும் செப்டிக் டேங்க் எனப்படும் மலக்கசடுத் தொட்டியையே நம்பியுள்ளன. அத்தொட்டியின் வெளியேற்றுக் குழாய் தெரு வடிகாலில் இணைக்கப்பட்டிருந்தால், அல்லது தொட்டியே வெள்ளத்தில் மூழ்கினால், தெருவில் நிற்கும் நீர் மலக்கிருமி கலந்த நீராக மாறுகிறது. அந்நீர் குடிநீரில் கலப்பதற்கு நான்கு முக்கிய வழிகள் உள்ளன.

1. தரைமட்டத் தொட்டி. வீட்டுச் சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், கணுக்கால் அளவு நீர் தேங்கினாலே தெருநீர் உள்ளே இறங்கிவிடும். சம்ப்பின் வாய் தரையைவிட உயரமாக இருத்தல் வேண்டும். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும்.

2. குடிநீர்க் குழாய். குறிப்பிட்ட நேரம் மட்டும் நீர் வரும் குழாயில், மற்ற நேரங்களில் அழுத்தம் இருப்பதில்லை. அப்போது குழாயின் விரிசல் அல்லது தளர்ந்த இணைப்பு வழியாக வெளியில் உள்ள அழுக்கு நீர் உள்ளே கசிகிறது. குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும்போது இக்கசிவு அதிகரிக்கிறது. அதனால் உங்கள் வீட்டிற்கு மட்டுமன்றி, அதே குழாயைச் சார்ந்த மற்ற வீடுகளுக்கும் கழிவுநீர் சென்றடையக்கூடும்.

3. கிணறும் ஆழ்துளைக் கிணறும். குடிநீர்க் கிணற்றுக்கும் மலக்கசடுத் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இடைவெளி இருத்தல் நல்லது. சிறிய மனைகளில் இது இயலாதபோது, அக்கிணற்று நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

4. லாரி நீர். விடுதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் லாரி நீரே சம்ப்பில் நிரப்பப்படுவதுண்டு. அந்நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, குளோரின் கலக்கப்பட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை.

1854-ஆம் ஆண்டில் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்த மருத்துவர் ஜான் ஸ்னோ, அவை ஒரே தெருப்பம்பைச் சுற்றி அமைந்திருப்பதைக் கண்டறிந்தார். இன்றும் சுகாதாரத் துறையினர் இதே முறையைப் பின்பற்றுகின்றனர். ஒரே தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அத்தெருவின் நீர்க்குழாயையே முதலில் ஆராய்கின்றனர். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கும் பக்கத்து வீடுகளில் சிலருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு அல்லது மஞ்சள் காமாலை ஏற்பட்டால், அதை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவியுங்கள். உங்கள் தகவலால் ஒரு குழாய் உடைப்பு கண்டறியப்படலாம்.

## யாரிடம் புகார் அளிப்பது?

தெரு வடிகால் அடைப்பு, குப்பை, உள்ளூர்க் குடிநீர் வழங்கல் ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. செம்பரம்பாக்கம் ஏரி, அதன் மதகுகள், உபரிநீர்க் கால்வாய், அடையாறு ஆகியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. நெடுஞ்சாலையோர வடிகால்களும் அச்சாலைகளின் சிறுபாலங்களும் நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்தவை. நிலப் பயன்பாட்டையும் கட்டட அனுமதியையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் விதிகள் நெறிப்படுத்துகின்றன. ஆலைக் கழிவுநீர் குறித்த புகார்களை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் அளிக்கலாம்.

ஒரே கால்வாய் பல துறைகளின் எல்லைகளைக் கடந்து செல்வதால், எத்துறை என்று தெரியாமல் புகார் தாமதமாவதுண்டு. ஐயமிருந்தால் நகராட்சியிலேயே எழுத்து வடிவில் புகார் அளித்து, எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் நோயாளி இருப்பதையும் அதில் குறிப்பிடுங்கள். குடிநீர் வழங்கலும் கழிவு அகற்றலும் மக்கள் நல்வாழ்வின் ஒரு பகுதி என்பதைத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ஆம் ஆண்டிலேயே வரையறுத்து, உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கடமையாக்கியுள்ளது.

## ஏரி எச்சரிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

ஏரி 24 அடியை எட்டும்வரை காத்திருந்து மதகைத் திறப்பதில்லை. மேலும் வரக்கூடிய நீருக்கு இடம் வைப்பதற்காக, அதற்கு முன்னரே நீர் திறக்கப்படுவதுண்டு. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் முதலில் நொடிக்கு 1,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அன்றே அது படிப்படியாகப் பல ஆயிரம் கன அடியாக உயர்த்தப்பட்டது.

ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். நொடிக்கு 1,000 கன அடி என்றால், ஒவ்வொரு நொடியும் 28,000 லிட்டர் நீர் கால்வாயில் இறங்குகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. அப்போது ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அதாவது நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கும் மேல்.

இக்கணக்கு, நோயாளியைப் பராமரிப்பவருக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. முதல் அறிவிப்பில் வரும் எண்ணிக்கை சிறியதாக இருக்கலாம். ஆனால் மழை தொடர்ந்தால் அதே நாளில் அது பன்மடங்காகலாம். நடக்கக்கூடியவர்கள் இரண்டாவது அறிவிப்பிலும் வெளியேற முடியும். நடக்க இயலாத ஒருவரை இரவில், மின்சாரமின்றி, முழங்கால் நீரில் தூக்கிச் செல்வது அவருக்கும் உங்களுக்கும் ஆபத்தானது. எனவே, நோயாளி உள்ள வீட்டிற்கு முதல் அறிவிப்பே புறப்படுவதற்கான அறிவிப்பு.

## மழைக்கு முன் பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை

செப்டம்பர் மாத இறுதிக்குள் கீழ்க்கண்டவற்றை முடித்து வையுங்கள்.

அனைவருக்கும்: இரண்டு வாரங்களுக்குத் தேவையான மாத்திரைகளைக் கையிருப்பில் வையுங்கள். மருந்துச் சீட்டு, மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு, கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். காசநோய், வலிப்பு, மனநலம், இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் ஒருநாள்கூடத் தடைபடலாகாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிலேயே மருந்து பெறுவோர், தாம் தற்காலிகமாகத் தங்கப்போகும் இடத்தை அப்பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நீரிழிவு நோயாளிகள்: திறக்காத இன்சுலின் குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. மின்தடை நீடித்தால், குப்பியை நெகிழி உறையில் இட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் நிழலில் வைக்கலாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்குதல் கூடாது. காயம் பட்டதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

டயாலிசிஸ் பெறுவோர்: கனமழை எச்சரிக்கை வந்தால், அடுத்த சுழற்சியை முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என உங்கள் மையத்தைக் கேளுங்கள். மேட்டுப் பகுதியில் உள்ள மாற்று மையம் ஒன்றையும் அறிந்து வையுங்கள். சுழற்சி தள்ளிப்போனால், மருத்துவர் கூறிய நீர் அளவைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, உப்பைக் குறையுங்கள். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றைத் தவிருங்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். நிவாரண முகாமில் அன்போடு தரப்படும் இளநீரும் உங்களுக்கு ஆபத்தாகலாம்.

கர்ப்பிணிகள்: பேறுகால நாள் நெருங்கியவர்கள் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து, எச்சரிக்கை வந்தவுடன் மருத்துவமனைக்குச் சென்று தங்கலாம்.

ஆக்சிஜன் கருவியைப் பயன்படுத்துவோர்: கருவி மின்சாரத்தில் இயங்குமாயின், மாற்று உருளை அல்லது மின்தடையில்லாத இடம் இல்லாமல் வீட்டில் தங்காதீர்கள்.

விடுதிகளில் தங்கும் தொழிலாளர்கள்: மாடியில் இடம், காய்ச்சிய குடிநீர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் முகவரி ஆகியவற்றை விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டு அறியுங்கள். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் உடன்பணியாளர்களுக்கும் எச்சரிக்கையின் பொருளை எடுத்துச் சொல்லுங்கள்.

## நீர் வடிந்த பின்: நோய்களின் கால வரிசை

வெள்ளத்திற்குப் பின் நோய்கள் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கிருமிக்கும் உடலில் நுழைந்தபின் அறிகுறி தோன்றும் காலம் வேறுபடும். இதை அறிந்திருந்தால், எந்த வாரத்தில் எதற்கு விழிப்புடன் இருக்க வேண்டும் என்பது புலப்படும்.

முதல் சில நாட்கள். மின்கசிவு, வெட்டுக்காயம், பாம்புக்கடி ஆகியவை இக்காலத்தில் நிகழ்கின்றன. மெயின் சுவிட்சை அணைக்காமல் நீர் புகுந்த வீட்டிற்குள் நுழையாதீர்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யாமல், அந்த உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். காயம்பட்டவர்கள் டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கும் இந்நாட்களிலேயே தொடங்கும். காலரா சில மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள் வெளிப்படும்.

முதல் வாரம் முதல் நான்காம் வாரம் வரை. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் இக்காலத்தில் தோன்றும். எலி, நாய், கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் நடக்கும்போது, தோலின் சிறு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. 2 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில், கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசை வலி, கண் சிவத்தல் ஆகியவை ஏற்படும். தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் பெரும்பாலும் குணமாகும். தாமதமானால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் ஆகியவை பாதிக்கப்படலாம். நீரில் நடந்தது இரண்டு வாரங்களுக்கு முன் என்பதால் நோயாளியே அதை மறந்திருப்பார். பராமரிப்பாளரின் நினைவு இங்கே உயிர் காக்கும். துப்புரவுப் பணி, மீட்புப் பணி செய்வோர் தடுப்பு மருந்து பற்றி மருத்துவ அலுவலரைக் கேட்கலாம். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. படிப்படியாக ஏறும் காய்ச்சலுடன் டைபாய்டும் இவ்வாரங்களில் தோன்றலாம்.

இரண்டாம் வாரத்திற்குப் பின். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வெள்ளம் விட்டுச் சென்ற டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி, மூடப்படாத மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றிலுள்ள தெளிந்த நீரில் வளர்கிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களாகும். எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அச்சுழற்சி முறியும். டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரமே கவனிக்க வேண்டிய நேரம். காய்ச்சல் விட்ட பின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் ஆகியவற்றைத் தரலாகாது.

இரண்டு மாதங்கள் வரை. மலக்கிருமி கலந்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகிய மஞ்சள் காமாலை வகைகள் தாமதமாக வெளிப்படும். ஹெபடைடிஸ் இ தோன்றுவதற்கு 2 முதல் 10 வாரங்கள் வரை ஆகலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தை விளைவிக்கக்கூடும். பசியின்மை, குமட்டல், சிறுநீர் அடர் மஞ்சளாதல் ஆகியவை தோன்றியவுடன் கர்ப்பிணியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

## குடிநீரைப் பாதுகாப்பாக்கும் முறை

காய்ச்சுதல்: நீர் தளதளவெனக் கொதி வந்த பிறகு குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்குவது போதாது. ஆறிய நீரை மூடிவைத்து, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

குளோரின் மாத்திரை: சுகாதாரப் பணியாளர் தரும் 0.5 கிராம் மாத்திரை, தெளிந்த நீர் 20 லிட்டருக்குப் போதுமானது. கரைத்த பின் அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கிய நீரை முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும்.

வெள்ளநீர் புகுந்த சம்ப்: நீரை முழுவதுமாக வெளியேற்றி, சேற்றை அகற்றி, சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் நிரப்ப வேண்டும். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. அதை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலுள்ள தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். நீரின் தன்மைக்கேற்ப அளவு மாறுபடும் என்பதால், சுகாதார ஆய்வாளரைக் கொண்டு எஞ்சிய குளோரின் அளவைச் சோதித்துக்கொள்வது நலம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஆழமான சம்ப்பிற்குள் தனியாக இறங்காதீர்கள். உள்ளே நச்சு வாயுவோ ஆக்சிஜன் குறைவோ இருக்கலாம்.

கவனம்: காய்ச்சுவதும் குளோரினும் கிருமிகளை மட்டுமே அழிக்கும். எண்ணெய்ப் படலம், பெட்ரோல் அல்லது ரசாயன வாடை, வழக்கமற்ற நிறம் ஆகியவை உள்ள நீரைக் காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது. தொழிற்பேட்டைகளுக்கு அருகில் வசிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

## வயிற்றுப்போக்கு ஏற்பட்டால்

ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். தூளை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணி நேரத்திற்குப் பின் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் தர வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றாலும் இடையில் நிறுத்தலாகாது. சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கஞ்சி கழுவிய நீர் போன்ற பேதி, கண் குழிவிழுதல், சிறுநீர் வெளியேறாமை
• குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டுபோதல், வலிப்பு
• இரண்டு நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல். அல்லது தேங்கிய நீரில் நடந்தவருக்கு ஏற்படும் எந்தக் காய்ச்சலும்
• கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இரத்தக் கசிவு, குழப்பம்
• நீரிழிவு நோயாளியின் காலில் வீக்கம், நிறமாற்றம், துர்நாற்றமுள்ள புண்
• டயாலிசிஸ் தவறியவருக்கு மூச்சுத்திணறல், தசைத் தளர்ச்சி, படபடப்பு

## உங்கள் பங்கு

உங்கள் வீட்டின் முன்னுள்ள வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்பதை மழைக்கு முன் ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். அதில் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டாதீர்கள். கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்திருந்தால் துண்டித்துவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் மூடிவையுங்கள். தெருவில் உதவி தேவைப்படும் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் யார் யார் என்பதை அண்டை வீட்டாரோடு பேசிப் பட்டியலிட்டு வையுங்கள். மதகு திறக்கப்படும் நாளில் அப்பட்டியல் மீட்புப் பணியாளர்களுக்கு மிகவும் பயன்படும்.

பொறுப்புத் துறப்பு: இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இவை மாற்றாகா. ஐயமிருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும்.